ஓடாத சலவை எந்திரம்! மெக்கானிக்கை அழைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி.

கோவை கணபதியில் ஒரு வீடு. சலவை எந்திரம் பாதி வேலையில் நின்றுவிட்டது.

உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சீருடைகள். திங்கட்கிழமை காலையில் அவற்றைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கதவோ திறக்க மறுக்கிறது. எந்திரத்தின் நெற்றியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கண் சிமிட்டுகின்றன.

வீட்டுக்கார அம்மாள் ஒரு மெக்கானிக்குக்குப் போன் செய்தார். எந்திரத்தை அவர் பார்க்கவில்லை. போனிலேயே தீர்ப்புச் சொன்னார். "போர்டு போயிருக்கும். 6 ஆயிரம் ரூபாய் ஆகும். நாளைக்கு வருகிறேன்" என்றார்.

அந்த அம்மாளுக்குத் தலை சுற்றியது. 6 ஆயிரம் ரூபாய் என்றால் அந்த வீட்டில் ஒரு மாத மளிகை!

திண்ணையில் மாமனார் உட்கார்ந்து இருந்தார். பஞ்சாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஏனுங்க மாமா! மிஷினு நின்னு போச்சுங்க. தண்ணி அப்படியே நிக்குதுங்க."

"பதறாதே அம்மிணி. முதல்லே சுச்சை அமத்து. பிளக்கைப் புடுங்கு. அப்புறம் பேசிக்கலாம்."

பெரியவர் எழுந்து வந்தார். எந்திரத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"தண்ணி புடிச்சுதா?"

"புடிச்சுதுங்க."

"துணி சுத்துச்சா?"

"சுத்துச்சுங்க. அப்புறந்தான் நின்னு போச்சு."

"அப்படீன்னா தண்ணி வெளியே போற வழியிலேதான் ஏதோ கெடக்குது. போர்டு என்ன பண்ணும் பாவம்!"

எந்திரத்தின் அடியில், வலது ஓரத்தில், ஒரு சின்னக் கதவு இருந்தது. வாங்கிய நாளில் இருந்து அதை யாரும் திறந்தது இல்லை. பெரியவர் ஒரு தாம்பாளத்தை வைத்து, உள்ளே இருந்த மூடியை மெதுவாகத் திருகினார். தண்ணீர் கொட்டியது. மூடியோடு வந்த சல்லடையில் இருந்தவை வருமாறு:-

ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. கொண்டை ஊசி ஒன்று. சட்டைப் பொத்தான் இரண்டு. எலிக்குஞ்சு போல ஒரு நூல் உருண்டை.

சல்லடையைக் கழுவி மாட்டினார்கள். எந்திரம் ஓடியது. செலவு ஒன்றும் இல்லை. வரவு ஒரு ரூபாய்!

இது எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

பிரித்துப் பார்த்த ஊர்

கோவை மக்களுக்கு எந்திரம் புதிது அல்ல.

ஊரைச் சுற்றிலும் பம்புசெட்டு செய்கிறார்கள். மோட்டார் செய்கிறார்கள். மாவு ஆட்டும் "கோவை வெட் கிரைண்டர்" புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

இந்த ஊரின் விஞ்ஞானி ஜி.டி.நாயுடுவை அறியாதவர் இல்லை. 1893-ம் ஆண்டு கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு மறுபடியும் மாட்டினார்.

அதே ஜி.டி.நாயுடு, பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, 1937-ம் ஆண்டில் மின்சார மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று அது பெயர் பெற்றது.

சலவை எந்திரத்துக்குள் இருப்பதும் ஒரு மோட்டார்தான். ஆகவே அதைக் கண்டு பயப்பட வேண்டியது இல்லை.

ஆனால் ஒன்று. அவரைப்போல எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். எதைப் பார்க்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

முதலில் உயிர்!

தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. எனவே எந்த வேலை செய்யும் முன்பும் 3 காரியங்களை மறக்கக் கூடாது.

சுவிட்சை அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். தண்ணீர்க் குழாயை மூட வேண்டும்.

கை ஈரமாக இருந்தால் பிளக்கைத் தொடாதீர்கள். தரை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுக் காலில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்திரத்தைத் தொட்டால் "சுருக்" என்கிறதா? "லேசாகத்தான் அடிக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். இன்று லேசாக அடிப்பது நாளை உயிரைக் குடிக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை அதை ஓட்டக் கூடாது.

பிளக்கில் 3 முனைகள் உண்டு. மேலே இருக்கும் பெரிய முனைதான் "எர்த்". எந்திரத்தின் தகட்டில் மின்சாரம் கசிந்தால், அதை மண்ணுக்குள் இழுத்துச் சென்று நம்மைக் காப்பாற்றும் வழி அதுதான். அந்த முனையை ஒடித்துவிட்டு, இரண்டு முனையோடு சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தற்கொலைக்குச் சமம்.

வீட்டு மின்சாரப் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை மாட்டலாம். 30 மில்லி ஆம்பியர் அளவு உள்ளதாகப் பார்த்து மாட்ட வேண்டும். மின்சாரம் கசிந்தால் அது கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் "டக்" என்று விழ வேண்டும்.

யாரையாவது மின்சாரம் தாக்கினால் அவரைக் கையால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விடுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

நான்கே வேலை

சலவை எந்திரத்தில் பல வகை உண்டு. இரட்டைத் தொட்டி உள்ளது, மேலே மூடி உள்ளது, முன்பக்கம் கதவு உள்ளது என்று 3 வகை வீடுகளில் இருக்கிறது.

எந்த வகை ஆனாலும் அது செய்வது நான்கே வேலை.

தண்ணீர் பிடிக்கும். துணியைப் புரட்டும். அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும். துணியைச் சுழற்றிப் பிழியும்.

எந்த வேலையில் வந்து நின்றது என்று பாருங்கள். பழுது அங்கேதான் இருக்கும். பஞ்சாலைப் பெரியவர் மருமகளிடம் கேட்டது அதைத்தான்.

உயிரே இல்லையா?

பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. என்ன செய்வது?

வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பு வருகிறதா? அதைப் பார்க்காமல் மெக்கானிக்கை அழைத்தவர்கள் உண்டு! பிறகு, ட்ரிப்பர் விழுந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை தூக்கி விடலாம். மறுபடியும் விழுந்தால் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும்.

அதே பிளக் பாயிண்டில் ஒரு மேஜை விசிறியைச் சொருகிப் பாருங்கள். விசிறி ஓடாவிட்டால் எந்திரத்தின் மீது பழி இல்லை.

விளக்கு எரிகிறது, ஆனால் ஓடவில்லை என்றால் மூடியைப் பாருங்கள். மூடியோ கதவோ சரியாக மூடாவிட்டால் எந்திரம் கிளம்பாது. கதவு இடுக்கில் ஒரு கைக்குட்டை மாட்டிக்கொண்டு இருந்தாலும் போதும். குழந்தைகள் விளையாட்டாகப் பொத்தானை அழுத்தி "சைல்டு லாக்" போட்டு இருந்தாலும் எந்திரம் அசையாது.

இன்னொரு செய்தி. தண்ணீரைச் சூடாக்கும் எந்திரங்கள் 2 ஆயிரம் வாட் வரை இழுக்கும். அவற்றை டி.வி.க்குப் போடும் சின்ன எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகக் கூடாது. ஒயர் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பாயிண்டில்தான் சொருக வேண்டும்.

தண்ணீர் வரவில்லையா?

குழாய் திறந்து இருக்கிறதா? மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? எந்திரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய் மடங்கிக் கிடக்கிறதா? முதலில் இவற்றைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால், சல்லடையைப் பாருங்கள்.

அது எங்கே இருக்கிறது? எந்திரத்தின் பின்புறம் தண்ணீர்க் குழாய் மாட்டும் வாயில் விரல் நுனி அளவு ஒரு வலை இருக்கும். மணலும் துருவும் உப்பும் அதில்தான் போய் அடைக்கும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ரப்பர்க் குழாயைக் கழற்றி, அந்த வலையை மெதுவாக வெளியே எடுங்கள். பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். திரும்ப மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

தொட்டி தாழ்வாக இருந்தாலும் தொல்லை உண்டு. தொட்டித் தண்ணீர், குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் உயரம் என்றால் 0.3 பார்தான். அதற்கும் குறைந்தால் பல எந்திரங்கள் தண்ணீர் எடுக்கத் திணறும். அது எந்திரத்தின் கோளாறு அல்ல. தொட்டியின் உயரக் கோளாறு.

தண்ணீர் போகவில்லையா?

வீடுகளில் அடிக்கடி வரும் தொல்லை இதுதான்.

சட்டைப் பையில் சில்லறை. ரவிக்கையில் ஊசி. குழந்தையின் பையில் கோலிக்குண்டு. இவை எல்லாம் துணியோடு உள்ளே போய், கடைசியில் வடிகட்டியில் போய்ச் சேருகின்றன.

முன்பக்கம் கதவு உள்ள எந்திரத்தில், கீழே உள்ள சின்னக் கதவுக்குள் வடிகட்டி இருக்கும். சூடான தண்ணீரில் துவைத்து இருந்தால், ஆறும் வரை பொறுங்கள். தாம்பாளத்தையும் பழைய துணியையும் கீழே வையுங்கள். வடிகட்டிக்குப் பக்கத்தில் சின்ன ரப்பர்க் குழாய் இருந்தால், அதன் வழியாகத் தண்ணீரை முதலில் வெளியேற்றுங்கள். பிறகு மூடியை இடது பக்கமாக மெல்லத் திருகுங்கள். கழுவியபின் இறுக்கமாக மூடுங்கள். இறுக்கம் போதாவிட்டால் வீடு குளமாகிவிடும்.

கழிவுத் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

பம்பு வைத்துத் தண்ணீரைத் தள்ளும் முன்கதவு எந்திரங்களில், குழாயின் நுனி தரையில் இருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கீழே போட்டால், பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் தானாகவே ஓடிவிடும்.

இரட்டைத் தொட்டி எந்திரத்தில் நேர்மாறு. அதில் தண்ணீர் தன் எடையால்தான் வடிகிறது. குழாயைத் தூக்கிக் கட்டினால் தண்ணீர் வடியாது. தரையோடு தாழ்வாகப் போட வேண்டும்.

எந்த எந்திரத்துக்கு எது என்பது வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! கண் சிமிட்டும் அந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருள் அதில்தான் அச்சாகி இருக்கிறது.

"உம்" என்று உறுமுகிறதா?

மோட்டார் "உம்" என்று சத்தம் போடுகிறது. ஆனால் சுழலவில்லை.

தோட்டத்தில் கிணற்று மோட்டார் வைத்து இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். "கண்டன்சர் போச்சு" என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

அது என்ன கண்டன்சர்?

கோவையில் கோனியம்மன் தேரோட்டம் நடக்கும். வடம் பிடித்து ஆயிரம் பேர் இழுப்பார்கள். இருந்தாலும் நிலையில் நிற்கும் தேர் லேசில் நகராது. பின்னால் இருந்து ஒரு நெம்பு நெம்ப வேண்டும். கிளம்பிவிட்டால் பிறகு ஓடும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் பழைய பாணி மோட்டாரும் அப்படித்தான். தானாகக் கிளம்பாது. அதற்கு வேண்டிய நெம்பைக் கொடுப்பது கண்டன்சர். அது கெட்டுப்போனால் மோட்டார் உறுமும், சுழலாது. அப்படியே விட்டால் சுருள் சூடாகிக் கருகிவிடும். உடனே சுவிட்சை அணைக்க வேண்டும்.

கண்டன்சரின் விலை, மோட்டார் விலையோடு பார்த்தால் மிகக் குறைவு. ஆனால் அதை வீட்டில் கழற்றாதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் தூக்கி அடிக்கும். அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

மோட்டார் சுழலும் சத்தம் கேட்கிறது, தொட்டி சுற்றவில்லை, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால், அது பெல்ட்டின் கோளாறாக இருக்கலாம்.

புதிய எந்திரங்கள் சிலவற்றில் கண்டன்சரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இவற்றை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நல்லது.

உறுமும்போது இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். துணியை அளவுக்கு மீறித் திணித்து இருக்கிறீர்களா? மின்சாரம் மங்கி, விளக்கு அழுதுகொண்டு எரிகிறதா? அப்போதும் மோட்டார் திணறும்.

குதிக்கிறதா?

பிழியும்போது எந்திரம் சாமி வந்ததுபோல ஆடுகிறது. சில சமயம் இடத்தைவிட்டே நகர்ந்துவிடுகிறது.

ஏன்?

48 சென்டிமீட்டர் அகலம் உள்ள தொட்டி, நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரைக் கிலோ துணி ஒரே பக்கமாக ஒதுங்கினால், அந்தப் பக்கம் 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இழுப்பதுபோல இழுக்கும்! எந்திரம் ஆடாமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு ஜமக்காளத்தைப் போட்டு ஓட்டாதீர்கள். அது சுருண்டு ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். கூட இரண்டு துண்டுகளைப் போடுங்கள். பாரம் சமமாகும்.

கால்களைப் பாருங்கள். எந்திரத்தின் ஒரு மூலையைக் கையால் அழுத்தினால் ஆடக் கூடாது. ஆடினால், காலைத் திருகி உயரத்தைச் சரி செய்யலாம்.

புதிதாக வாங்கிய முன்கதவு எந்திரம் முதல் நாளே பயங்கரமாகக் குதிக்கிறதா? லாரியில் வரும்போது தொட்டி ஆடாமல் இருக்கப் பின்னால் போல்ட்டு போட்டு இருப்பார்கள். அதைக் கழற்ற மறந்து இருக்கலாம். கழற்றாமல் ஓட்டினால் எந்திரம் கெட்டுவிடும்.

இரட்டைத் தொட்டி எந்திரத்தில் பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்தால், சில விநாடியில் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் கெட்டுவிட்டது என்று பொருள். கையை விட்டுவிடாதீர்கள். பிரேக்கைச் சரி செய்த பிறகுதான் அதை ஓட்ட வேண்டும்.

உப்புத் தண்ணீரின் குறும்பு

கோவை நகரின் ஒரு பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரின் ருசியைச் சொல்ல வேண்டியது இல்லை. சோப்பும் அதில் நன்றாக நுரைக்கும்.

ஆனால் துணி துவைக்கப் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். சூலூர், பல்லடம், அவினாசி பக்கங்களில் கேட்டால் "சப்பைத் தண்ணி" என்பார்கள். அதில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து இருக்கின்றன.

அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரை வரவில்லையே என்று தூளை அள்ளிப் போடுவார்கள். கரையாத தூள் தொட்டியின் மறுபுறம் அப்பிக்கொள்ளும். நாளடைவில் வாடை வரும். வெள்ளை வேட்டி பழுப்பாகும். தண்ணீரைச் சூடாக்கும் கம்பியின் மேல் உப்பு ஓடு கட்டும். டீக்கடைப் பாய்லருக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே ஓடுதான்.

இதற்கு என்ன செய்யலாம்?

மாதம் ஒரு முறை துணி போடாமல், சூடான தண்ணீரில் எந்திரத்தை வெறுமனே ஓட்டுங்கள். உப்பை நீக்கும் தூள் கடைகளில் கிடைக்கிறது. சிட்ரிக் அமிலமும் இதற்கு உதவும். எவ்வளவு போடலாம் என்பதைப் புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

எச்சரிக்கை! இவற்றோடு பிளீச்சிங் பவுடரையோ, வெளுக்கும் திரவத்தையோ கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

துவைத்து முடிந்ததும் கதவைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் உள்ளே காயும். வாடை வராது. ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், கதவு திறந்து இருக்கும் வரை பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒளிந்து விளையாடும் குழந்தைக்கு அந்தத் தொட்டி ஒரு குகைபோலத் தோன்றும். உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். மேலே மூடி உள்ள எந்திரத்தில் தண்ணீர் நிற்கும்போது, பக்கத்தில் முக்காலியைப் போட்டு வைக்காதீர்கள்.

மெக்கானிக் வந்தால்...

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. நியாயமாக வேலை செய்கிறவர்கள் ஏராளம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்பது நம் கடமை.

எந்த வேலையில் நின்றது என்று தெளிவாகச் சொல்லுங்கள். "தண்ணீர் பிடித்தது, சுற்றியது, வெளியே போகவில்லை, வடிகட்டியைக் கழுவிவிட்டேன்" என்று சொன்னால், அவருக்கும் வேலை எளிது. நம்மையும் யாரும் ஏமாற்ற நினைக்க மாட்டார்கள்.

எந்திரத்தைப் பார்த்த பிறகு செலவைச் சொல்லச் சொல்லுங்கள். புதிய பாகம் போட்டால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீது வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், வெளி ஆளைக் கொண்டு திறக்காதீர்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் ஒரே உறையில் இருக்கட்டும்.

நியாயம் கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து முறையிடலாம்.

மிச்சமாவது எது?

"ஒரு துணி துவைக்கிற மிஷினுக்கு இவ்வளவு பேச்சா?" என்று ஆண்கள் சிலர் கேட்கலாம்.

அவர்கள் ஒரு நாள் துவைக்கும் கல்லின் முன்னால் நின்று பார்க்க வேண்டும்! கிணற்றில் தண்ணீர் இறைத்து, ஊற வைத்து, அடித்து, அலசி, பிழிந்து, காயப் போட்டவர்கள் நம் பாட்டிமார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அது அரை நாள் வேலை. இடுப்பு ஒடிந்துவிடும்.

சுவீடன் நாட்டைச் சேர்ந்தவர் ஹான்ஸ் ரோஸ்லிங். டாக்டர், பேராசிரியர். 1948-ம் ஆண்டில் பிறந்து 2017-ல் மறைந்தவர். உலக மக்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்பதைப் புள்ளி விவரங்களோடு எடுத்துச் சொல்லி உலகப் புகழ் பெற்றார்.

2010-ம் ஆண்டில் அவர் ஒரு சொற்பொழிவு செய்தார். தலைப்பு என்ன தெரியுமா? சலவை எந்திரம்!

அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு முதல் சலவை எந்திரம் வந்தது. அதைப் பார்க்கப் பாட்டியையும் அழைத்து இருந்தார்கள். வாழ்நாள் எல்லாம் விறகு எரித்துத் தண்ணீர் காய்ச்சிக் கையால் துவைத்தவர் அந்தப் பாட்டி. அவர் எந்திரத்தின் எதிரில் உட்கார்ந்து, துவைத்து முடியும் வரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

அதன் பிறகு தாயாருக்கு நேரம் மிச்சமானது. அந்த நேரத்தில் அவர் மகனை நூலகத்துக்கு அழைத்துச் சென்றார். மகனுக்குப் புத்தகம் படித்துக் காட்டினார். தானும் படித்தார். தான் பேராசிரியர் ஆனது அங்கே தொடங்கியது என்று ரோஸ்லிங் நன்றியோடு சொன்னார்.

சலவை எந்திரம் வெளுப்பது துணியை மட்டும் அல்ல. அது வீட்டுப் பெண்களுக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அது நின்றுபோனால், அந்த நேரமும் நின்றுபோகிறது.

கணபதி வீட்டில்...

அன்று பகல் 11 மணிக்குச் சீருடைகள் கொடியில் காய்ந்தன.

பெரியவர் வடிகட்டியைத் தான் மாட்டியதோடு விட்டுவிடவில்லை. மருமகளைக் கூப்பிட்டார். அவர் கையாலேயே ஒரு முறை கழற்றச் சொன்னார். மாட்டச் சொன்னார்.

"நாளைக்கு நான் ஊருலே இல்லைன்னா? நீயே பண்ணிக்கோணும் அம்மிணி."

"சரிங்க மாமா."

"பசங்க சட்டைப் பையை யாரு பார்க்கிறது?"

அந்தக் கேள்விக்கு 4-ம் வகுப்புப் படிக்கும் பேரன் முன்னால் வந்தான். இனிமேல் துணி போடும் முன் எல்லோருடைய பையையும் சோதிப்பது தன் வேலை என்று சொன்னான். கிடைக்கும் சில்லறை தனக்கே வேண்டும் என்று நிபந்தனையும் போட்டான்.

பாட்டி ஒத்துக்கொண்டார். வடிகட்டியில் கிடைத்த ஒரு ரூபாய் அவன் உண்டியலுக்குப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துணி போடும் முன், உங்கள் வீட்டு வடிகட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரு ரூபாய் கிடைக்கிறதோ இல்லையோ, சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்!